மாமா சிறைக்குத் திரும்பிய நாள்

பால் பாக்கெட் உறை ஒன்றைக் கழுவித் துடைத்து, அதற்குள் நான்காக மடித்து வைத்த ஒரு தாள். என் மனைவியின் தாய்மாமனை நான் முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தபோது அவர் கையில் அதுதான் இருந்தது. எங்கள் திருமணத்துக்கு மறுநாள் காலை அது. கார்த்திகை மாதம். இரண்டு நாளாக அடித்த மழை சற்று ஓய்ந்திருந்தது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டு வாசற்படியில், கல்யாணத்துக்கு எடுத்துக் கொடுத்த புது வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தாளில் இருந்தது இவ்வளவுதான்: அவருக்குக் கொடுத்த மூன்று நாள் விடுப்பு அன்றோடு முடிகிறது, மாலை ஐந்து மணிக்குள் கடலூர் மலைமேல் இருக்கும் ஆண்கள் சிறைக்கு அவர் திரும்பிவிட வேண்டும்.

மாமா ஆயுள் தண்டனைக் கைதி. சேத்தியாத்தோப்புப் பக்கத்துக் கிராமத்தில் வாய்க்கால் தண்ணீர் தகராறில் பங்காளி ஒருவரை மண்வெட்டிக் காம்பால் அடித்தார். அவர் இறந்துபோனார். என் மனைவி அப்போது ஐந்தாம் வகுப்பு. அதற்கு முன்பே அவள் அப்பா இறந்து, மாமாவின் உழைப்பில்தான் அந்தக் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெண் பார்க்கப் போன அன்றே அவள் என்னைத் தனியாக அழைத்து இதைச் சொல்லிவிட்டாள். சுற்றி வளைக்கவில்லை. எங்க மாமா ஜெயில்ல இருக்காரு, தாலி எடுத்துக் குடுக்க அவர்தான் வரணும், அது ஒங்களுக்கு ஒத்து வரலன்னா இப்பவே சொல்லிடுங்க என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் பிடித்தது வேறு, பயம் வேறு. மணவறையில் மாமா தாலித் தட்டை நீட்டியபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களைத்தான் பார்த்தேன். இந்த விரல்கள்தானா என்று மனம் ஓடியது. என் அப்பா அவரோடு பந்தியில் உட்காரவில்லை. மாமா அதைக் கவனித்தாரோ என்னவோ, கடைசிப் பந்தியில் சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

மறுநாள் விடியும்போது ஊரே தண்ணீரில் நின்றது. கடலூருக்குப் பேருந்து இல்லை. வடலூர் வழியாகச் சுற்றிப் போகலாமென்றால், குறிஞ்சிப்பாடிப் பக்கம் பரவனாறு சாலையில் ஏறி ஓடுகிறது என்றார்கள். ரயில் நிறுத்தப்பட்டுவிட்டது. செல்போன்கள் எல்லாம் முந்தின இரவே ஊமையாகிவிட்டன. என் அப்பா வெற்றிலையை மடித்தபடி, தண்ணி வடியட்டும், நாளைக்குப் போனா யார் என்ன சொல்லப் போறாங்க, கண்ணுக்கு நேரா வெள்ளம் நிக்குது இல்ல என்றார். அது நியாயமாகத்தான் பட்டது. மாமா மட்டும் முடியாது என்று தலையை அசைத்தார்.

அப்போதுதான் அவர் விஷயத்தைச் சொன்னார். முன்விடுதலைக்கான பட்டியலில் அந்த முறை அவர் பெயர் இருந்தது. பதினான்கு வருடங்களுக்கு மேல் ஒரு கெட்ட பெயர் இல்லாமல் கழித்திருந்தார். அதை முடிவு செய்யும் கமிட்டி கூடும்போது அவருடைய காகிதங்களைப் புரட்டிப் பார்க்கும் அதிகாரிகளுக்கு அவரைத் தெரியாது, காகிதத்தைத்தான் தெரியும். விடுப்பில் போனவன் சொன்ன நேரத்துக்கு வரவில்லை என்று அதில் ஒரு வரி விழுந்தால், வெள்ளம் வந்த கதையை யாரும் கூட நின்று சொல்லப்போவதில்லை. இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல், யாருக்கோ மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார். பிறகு, "நான் நடந்தே போயிடறேன். இப்பக் கெளம்புனா போய்ச் சேந்துடலாம்" என்றார்.

என் மாமியார் சுவரில் சாய்ந்து அழ ஆரம்பித்தார். என் மனைவி அழவில்லை. தாலிக் கயிற்றின் மஞ்சள் ஈரம் ரவிக்கையில் ஒட்டியிருக்க, என்னைப் பார்த்தாள். நான் கடலூர்ச் சாலையில் உள்ள சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் மேற்பார்வையாளன். அந்தச் சாலையில் தினமும் போய் வருகிறவன். எந்த இடத்தில் பள்ளம், எந்த இடத்தில் மேடு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். வண்டிச் சாவியை எடுத்தேன். தண்ணீர் எது வரைக்கும் விடுகிறதோ அது வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்பதுதான் என் திட்டம். அதற்கு மேல் எனக்கு அவர்மேல் பிரியம் எதுவும் அப்போது இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில், பாலத்தின் வயிற்றைத் தொடுவதுபோல ஓடிக்கொண்டிருந்தது. வேரோடு ஒரு பனைமரம் மிதந்து போயிற்று. மாமா வண்டியின் பின்னால் உட்கார்ந்து அதையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். இவ்வளவு தண்ணீரைப் பார்த்து எத்தனை வருடமாயிற்றோ. புதுச்சத்திரம் வரைக்கும் வண்டி போனது. அதற்குமேல் சாலை இல்லை. வயலும் சாலையும் ஒன்றாகி, மின்கம்பங்கள் மட்டும் வரிசையாக நின்றன. டீக்கடைக்காரர் ஒருவர், ரயில் பாதை மட்டும் மேட்டில் இருக்கிறது, ஜனங்கள் அதன்மேல் நடந்துதான் ஆலப்பாக்கம் போகிறார்கள், ஆனால் சில இடத்தில் அடியில் மண் அரித்துக் கிடக்கிறது, பார்த்துப் போகணும் என்றார். மாமா என் தோளைத் தொட்டு, நீங்க திரும்பிடுங்க மாப்பிள்ள, கல்யாணம் ஆன மறுநாளு என்றார். திரும்பியிருக்கலாம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்ட விதத்தில் ஏதோ இருந்தது. வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு நானும் நடந்தேன்.

இரண்டு பக்கமும் கடல்போலத் தண்ணீர், நடுவில் ஒற்றை ரயில் பாதை. அரை மணி நேரம் அதன்மேல் நடந்தோம். பிறகு, பேச வேண்டுமே என்பதற்காக, உள்ளே எப்படி இருக்கும் மாமா என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடம் காத்திருந்தவர்போல நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரர் காலத்தில் செம்மண் மேட்டின்மேல் கட்டிய சிறை அது. முதலில் ஏதோ ஒரு துரையின் பங்களா அங்கே இருந்ததாகப் பழைய கைதிகள் சொல்வார்களாம். சுவர்களுக்கு ஒரு ஆள் படுக்கும் அகலம். கோடையில் அந்தச் சுவர் பகல் முழுக்கக் குடித்த வெயிலை இரவெல்லாம் திருப்பிக் கொடுக்கும். சுதந்திரத்துக்காகப் போராடியவர்களும் அங்கே இருந்திருக்கிறார்கள். அவர்கள் எந்த அறையில் இருந்தார்கள் என்று ஆளுக்கு ஓர் அறையைக் காட்டுவார்கள், எதுவும் நிச்சயமில்லை. மாமா உள்ளே போன புதிதில் ஒரு கிழவர் இருந்திருக்கிறார். அவர் இளைஞனாக வந்தபோது மூன்று வேளையும் களிதான், அறைக்குள்ளேயே ஒரு மண்சட்டி, காலையில் அதைச் சுமந்துபோய்க் கொட்ட வேண்டும். மாமாவின் காலத்தில் சோறு வந்துவிட்டது, கழிப்பறை கட்டிவிட்டார்கள். ஆனாலும் முதல் வருடங்களில் கூடத்தில் இடம் போதாது. ஒருக்களித்துத்தான் படுக்க முடியும். ஒருவன் புரண்டால் வரிசையே புரள வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் இடம் கிடைக்க அவருக்கு நான்கு வருடம் ஆயிற்று. சிமெண்டுத் தொட்டியைச் சுற்றி நின்று குளியல், சோப்பு போட்டு முடிப்பதற்குள் தண்ணீர் அடியில் போய்விடும். பிறகு மின்விசிறி வந்தது, டிவி வந்தது, வாரத்தில் ஒருநாள் கோழிக்கறி, வீட்டுக்கு போன் பேச அனுமதி.

"ஜெயிலு மாறிப்போச்சு மாப்பிள்ள. பூட்டற சத்தம் மட்டும் மாறல" என்றார்.

எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது அவர் சொன்ன கணக்கெடுப்பு. ஒரு நாளில் பல முறை கைதிகளை ஜோடி ஜோடியாக உட்கார வைத்து எண்ணுவார்கள். மாலையில் அடைப்பதற்கு முன் எடுக்கும் கணக்குதான் பெரியது. ஓர் ஆள் குறைந்தாலும் அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும், மறுபடியும் முதலிலிருந்து எண்ணுவார்கள். சமையல் கட்டில் இருப்பவன், ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவன், விடுப்பில் போனவன் எல்லாம் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். மாமா சிறை ஆஸ்பத்திரியில் எடுபிடியாக இருந்தார். அவரே கேட்டு வாங்கிக்கொண்ட வேலை அது. சர்க்கரை நோய்க்காரக் கைதிகளின் கால் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட அங்கிருந்த கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டிருந்தார். வேறு யாரும் அந்த நாற்றத்துக்குப் பக்கத்தில் போகமாட்டார்கள் என்று மட்டும் சொன்னார், பெருமையாகச் சொல்லவில்லை.

ஆலப்பாக்கத்துக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது ஓர் ஓடையைப் பாதை தாண்டுகிறது. அங்கே ஜல்லியும் மண்ணும் தண்ணீரோடு போய், சிமெண்டுக் கட்டைகள் தண்டவாளத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. மாமா முன்னால் போய்விட்டார். நான் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்ததாகத்தான் நினைவு. கட்டை ஆடியது. என் வலது கால் இரண்டு கட்டைக்கு நடுவில் தொடை வரைக்கும் இறங்கியது. உள்ளே ஏதோ இரும்பு முழங்காலுக்குக் கீழே நீளமாகக் கிழித்தது. முதலில் வலியே தெரியவில்லை. மாமா திரும்பி ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கி மேட்டில் படுக்க வைத்த பிறகு பார்த்தேன், பேண்ட்டின் கீழ்ப்பாதி முழுக்க ரத்தம். தலை சுற்றியது.

அவர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. புது வேட்டியின் கரையைப் பல்லால் கடித்துக் கிழித்தார். காலைத் தன் தோள்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு, மடித்த துணியைக் காயத்தின்மேல் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்திப் பிடித்தார். அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ரத்தம் நனைத்த துணியை எடுக்காமல் அதன்மேலேயே இன்னொன்றை வைத்தார். மணவறையில் நான் பயந்து பயந்து பார்த்த அதே விரல்கள்.

என் கைக்கடிகாரத்தில் மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. நான் சொன்னேன்: யாராவது இந்தப் பக்கம் வருவாங்க, ரத்தம் நின்னுடுச்சி, என்னை விட்டுட்டு நீங்க போங்க, இதுக்குமேல நேரம் இல்ல. அவர் இன்னொரு துண்டு துணியைக் கிழித்தார். மறுபடியும் சொன்னேன். கோபமாகவே சொன்னேன், பதினான்கு வருடத்தை என் ஒரு காலுக்காக விடுவதா என்று. அவர் துணியை இறுக்கி முடிச்சுப் போட்டு முடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு அவன அடிச்சப்ப கெட்டது நடந்துடுச்சி. அது கோவம். ஆனா அவன் வாய்க்கால்ல வுழுந்து கெடந்தான், உசுரு இருந்துச்சி. நான் பாத்துட்டேதான் ஓடுனேன். கரும்புக்குள்ள போயி ஒக்காந்துட்டேன். சாயங்காலந்தான் யாரோ பாத்துத் தூக்குனாங்க. மின்னாடியே கொண்டாந்துருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டரு கோர்ட்டுல சொன்னாரு. எனக்குத் தண்டன குடுத்தது அடிச்சதுக்கு மாப்பிள்ள. ஓடுனதுக்கு யாரும் குடுக்கல."

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் ஏறிக்கொண்டேன். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர். ஜல்லிக் கற்கள்மேல் செருப்பில்லாத காலோடு, நூறு தப்படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் நடந்தார். பின்பாதித் தூரத்தை அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நானே நொண்டிக் கடந்தேன். ஆலப்பாக்கம் ரயில் நிலையத்தின் பெஞ்சில் என்னை உட்கார வைத்தபோது மணி மூன்றரை. நிலையத்தில் இருந்த ஊழியர் வெந்நீர் கொடுத்தார். மாமா அதில் காயத்தின் ஓரங்களைத் துடைத்து, மீதியிருந்த வேட்டித் துணியால் வேறு கட்டுப் போட்டார். இதற்குள் அவர் வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது.

சாலைக்கு வந்தபோது ஒரு லாரி கடலூர்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. துறைமுகத்திலிருந்து மீன்பிடிப் படகுகளை ஏற்றிவந்து, வெள்ளத்தில் சிக்கியவர்களை மீட்க இறக்கிவிட்டுக் காலியாகப் போகிற வண்டி. ஓட்டுநர் கடலூர் முதுநகர்க்காரர், கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது. என் காலைப் பார்த்ததும் ஏற்றிக்கொண்டார். எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

"ஜெயிலுக்கு" என்றார் மாமா.

"இந்த வெள்ளத்துல யார மனு பாக்கப் போறீங்க?" கைதியைப் பார்க்கப் போவதை எங்கள் பக்கம் மனு பார்ப்பது என்றுதான் சொல்வார்கள்.

"யாரையும் பாக்கல. நான் உள்ள போவணும். அஞ்சு மணிக்குள்ள."

ஓட்டுநர் மாமாவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, கியரை மாற்றிக்கொண்டே, அப்பிடின்னா மலைக்கே கொண்டாந்து வுட்டுடறேன், நடந்தா நீங்க போய்ச் சேர மாட்டீங்க என்றார். வேறு ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை. சிப்காட்டைத் தாண்டும்போது என் ஆலையின் புகைபோக்கி புகையில்லாமல் நின்றது. அதற்கப்புறம் சாலையில் இரண்டு இடத்தில் மரம் விழுந்து கிடந்தது. இரண்டாவது இடத்தில் அறுத்து முடிக்கும் வரைக்கும் நிற்க வேண்டியிருந்தது. மாமா இறங்கிப் போய்க் கிளைகளை இழுத்துப் போட்டார். அங்கே நிற்கும்போதே ஐந்து மணி ஆகிவிட்டது. நான் கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அவர் மணி கேட்கவில்லை. வானத்தைப் பார்த்தே அவருக்குத் தெரிந்திருக்கும். அந்நேரம் உள்ளே ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருப்பார்கள்.

மலைமேல் ஏறி, அந்த நீண்ட சுவரை ஒட்டி லாரி நின்றபோது ஐந்தே முக்கால். பெரிய இரும்புக் கதவு மூடியிருந்தது. மாமா இறங்கி, கிழிந்த வேட்டியை இறக்கிவிட்டு, சட்டையின் கழுத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டு, அந்த உறையை இரண்டு கையாலும் பிடித்தபடி கதவின் முன்னால் போய் நின்றார். நான் ஓட்டுநரின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பெரிய கதவுக்குள் இருந்த சின்னக் கதவான திட்டிவாசல் திறந்து ஒரு தலைமைக் காவலர் எட்டிப் பார்த்தார். பருத்த உடம்பு, மீசை நரைத்தவர். மாமாவைப் பார்த்ததும் அவர் முகத்தில் தெரிந்தது கோபமில்லை, திகைப்பு.

"யோவ், நீ எப்பிடிய்யா வந்த?"

மாமா நின்ற இடத்திலேயே சொன்னார், "நடந்து வந்தேங்கய்யா. முக்கால் மணி நேரம் லேட்டு."

தலைமைக் காவலர் வெளியே வந்தார். எங்கள் மூன்று பேரையும், வேட்டியையும், என் காலையும் பார்த்தார். பிறகு, காலையிலேயே மேலதிகாரி சொல்லிவிட்டார் என்றார். வெள்ளத்தில் மாட்டிக்கொண்ட விடுப்புக் கைதிகள் தண்ணீர் வடிந்த பிறகு வந்தால் போதும், தாமதமாகக் கொள்ளக் கூடாது என்று எழுத்தில் உத்தரவே இருக்கிறது. போன் எல்லாம் செத்துக் கிடப்பதால் யாருக்கும் சொல்ல வழியில்லை. அன்று திரும்ப வேண்டியவர்கள் நான்கு பேராம். "நாலு பேருல நீ ஒருத்தன்தான்யா வந்துருக்க" என்றார்.

மாமாவுக்கு அது உடனே விளங்கவில்லை. தாளை நீட்டியபடியே நின்றார். காவலர் அதை வாங்கிக்கொண்ட பிறகு, மணி என்ன போடுவீங்க என்று மாமா கேட்டார். வந்த மணியைத்தான் போடுவேன், பக்கத்தில் வெள்ளம் என்றும் போடுவேன் என்றார் காவலர். அப்போதுதான் மாமா கதவின் பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டிலேயே இருந்திருக்கலாமே மாப்பிள்ள, கல்யாணத்து மறுநாள் சோறு தின்னுட்டுத் தூங்கியிருக்கலாமே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கால் வலியில் கண்ணில் நீர் வர வரச் சிரித்தேன். லாரி ஓட்டுநர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அவரும் சிரித்தார். சிறை வாசலில் அப்படிச் சிரித்தவர்கள் எங்களுக்கு முன்னால் யாராவது இருந்திருப்பார்களா என்று தெரியாது.

உள்ளே போவதற்கு முன்னால் அவர் காவலரிடம் கேட்டது ஒன்றுதான். நம்ம கம்பவுண்டர வெளிய வந்து மாப்பிள்ள கால ஒரு பார்வ பாக்கச் சொல்லுங்கய்யா என்றார். கம்பவுண்டர் வந்து, கட்டைத் தூக்கிப் பார்த்து, தையல் போட வேண்டும், கடலூர் பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், ஆனால் பயப்பட ஒன்றுமில்லை, கட்டு ஒழுங்காக இருக்கிறது என்றார். திட்டிவாசல் மூடியது. பூட்டும் சத்தம் கேட்டது. அவர் சொன்ன சத்தம். அதைக் கேட்டு நிம்மதி அடைவேன் என்று அன்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டு, தண்ணீர் வடிந்து, நான் வீடு திரும்ப மூன்று நாளாயிற்று. என் மனைவி வாசலுக்கு ஓடிவந்து முதலில் கேட்டது, "மாமா போய்ச் சேந்தாரா?" என்றுதான். அப்புறம்தான் என் காலைப் பார்த்தாள். இதைச் சொல்லி இன்றைக்கும் அவளைக் கேலி செய்வேன். என் அப்பா முழுக் கதையையும் உட்கார்ந்து கேட்டார். அடுத்த மாதம் நாங்கள் மனு பார்க்கப் போகும்போது, நானும் வரட்டுமா என்று கேட்டார்.

அதன் பிறகு மலைக்குப் பலமுறை போனோம். அதற்கு முன் அங்கே வலைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நாற்பது குடும்பம், அந்தப் பக்கம் நாற்பது கைதிகள் நின்று ஒரே நேரத்தில் கத்துவார்களாம். என் மனைவி சின்ன வயதில் அந்தக் கூச்சலுக்குப் பயந்து அம்மாவின் முந்தானைக்குள் ஒளிந்துகொள்வாள். நான் போன காலத்தில் கண்ணாடித் தடுப்பும் இரண்டு பக்கம் போனும் வைத்துவிட்டார்கள். கத்த வேண்டியதில்லை. ஆனால் முதல் தடவை, மெதுவாகப் பேசலாம் என்று தெரிந்தும், மாமியார் பழக்கத்தில் கத்தினார். என் அப்பா போனை வாங்கி, சம்பந்தி என்றார். அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை. மாமாவும் அந்தப் பக்கம் போனைக் காதில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். இரண்டு பேரும் அப்படி நின்றதே போதுமானதாக இருந்தது.

அடுத்த ஆனி மாதம் விடுதலை உத்தரவு வந்தது. காகிதத்தில் அந்த நாளின் வரி எப்படி எழுதப்பட்டிருந்தது, கமிட்டியில் யாராவது அதைப் படித்தார்களா என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. ஒரு காலையில் அந்தத் திட்டிவாசல் வழியாக ஒரு துணிப்பையோடு குனிந்து வெளியே வந்தார். அவரை நேராக ஊருக்கு அழைத்துப் போக முடியவில்லை. இறந்தவரின் மனைவியும் மகனும் அதே தெருவில் இருந்தார்கள். அவர்கள் கண்முன்னால் போய் நிற்க எனக்கு என்ன உரிமை என்று அவரே கேட்டார். எங்களோடு சிதம்பரத்தில் தங்கிவிட்டார்.

வெளியே வந்தும் சிறை அவரை விட்டுச் சீக்கிரம் போகவில்லை. கதவு திறந்திருந்தாலும் யாராவது சொன்னால்தான் வெளியே போவார். மாலை ஐந்து மணி நெருங்கினால் எங்கே இருந்தாலும் வீட்டுக்கு வந்துவிடுவார். வந்து, கூடத்தில் சுவர் ஓரமாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். யாருக்காகவோ காத்திருப்பதுபோல இருக்கும். என் மகள் பிறந்து தவழ ஆரம்பித்தபோது, அந்த நேரத்துக்கு அவர் மடியில் போய் ஏறிக்கொள்வாள். அவளுக்காகப் பாடினாலும் கைதட்டினாலும், அந்த இடத்தைவிட்டு எழுந்திருக்க மாட்டார். ஒருநாள் கடைத்தெருவில் பேருந்து கிடைக்காமல் ஐந்தரை ஆகிவிட, நடுங்கிக்கொண்டே வந்து வாசலில் நின்று என் மனைவியிடம், லேட்டாயிடுச்சிம்மா, லேட்டாயிடுச்சிம்மா என்று மன்னிப்புக் கேட்டிருக்கிறார். அவள் அதை என்னிடம் சொல்லி அழுதாள்.

அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தது அவருக்குத் தெரிந்த அந்த வேலைதான். எங்கள் தெருவில் ஒருவருக்குச் சர்க்கரைப் புண். நடக்க முடியாதவர். மருத்துவர் எழுதிக்கொடுத்தபடி மாமா தினமும் போய்க் கழுவிக் கட்டுப் போட்டார். புண் ஆறியது. அந்தத் தெருக்காரர் வேறொருவரிடம் சொன்னார். புவனகிரி, அண்ணாகிராமம் என்று தூரத்திலிருந்தெல்லாம் கூப்பிட ஆரம்பித்தார்கள். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டால் மாமா மறைப்பதில்லை. சொன்ன பிறகு காலை இழுத்துக்கொண்டவர்களும் உண்டு. பெரும்பாலானவர்கள் இழுத்துக்கொள்ளவில்லை. புண்ணோடு படுத்திருப்பவனுக்கு, பக்கத்தில் உட்காரும் ஆளின் பழைய கதை பெரிதாகத் தெரிவதில்லை போலும்.

போன மாசி மாதம் நான் பகல் ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்தபோது மணி ஏழு. மாமாவைக் காணவில்லை. சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு பெரியவருக்குக் கட்டு மாற்றப் போனவர் இன்னும் வரவில்லை என்று மனைவி சொன்னாள். போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார். அவள் குரலில் பதற்றம் இல்லாததுபோலக் காட்டிக்கொண்டாள். நான் வண்டியை எடுத்துக்கொண்டு தேடப் போகலாமா என்று யோசித்தேன். மகள் சாப்பிட்டு முடித்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குக் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மாமா தோளில் பையோடு, கையில் காகிதப் பொட்டலத்தோடு, அவசரமில்லாமல் வந்தார். காலைக் கழுவினார். பொட்டலத்தை மகளிடம் கொடுத்தார், வறுத்த கடலை. அந்த வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று பிடித்துக்கொண்டார்கள், பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை என்றார்.

பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, எந்த ஊரில் எந்த மனிதனும் சொல்கிற மாதிரி, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"கொஞ்சம் லேட்டாயிடுச்சி மாப்பிள்ள."

சொல்லிவிட்டு மின்விசிறியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கால்களை நீட்டினார்.